கார்க் நகரத்தில் இன்று மழை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஜாஸ்மியை அடுப்படியில் விட்டுவிட்டு வந்தோம். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது என்று வந்த செய்தியைப் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், உப்புப் போட்ட குழம்பிலேயே மறுபடியும் உப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு நிறைந்து ஆன்றோ நல்ல குணத்தில் சாய்ந்திருக்கும்போது சொல்லிவிடலாம் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்.

நல்ல முடிவுதான். அதைக் கெடுக்க மைனி செசிலி ஒருத்தி போதும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

செசிலி, ஆன்றோவின் அக்கா. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், கருவாடு விற்றுத் தம்பியை ஆளாக்கியவள். இரண்டு வீடு தள்ளி இருக்கிறாள். ஜாஸ்மி இந்த விஷயத்தைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க மைனி" என்று கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். செசிலியும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மாதாவிடம் மட்டும் சொன்னாள். அதையும் முறைப்படி, பங்கு ஆபீசுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கருத்துக் கொடுத்துச் சொன்னாள்.

பூசைக் கருத்து என்றால் என்னவென்று மற்ற ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் ஆத்துமாவுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைக்காக, கடலுக்குப் போனவன் பத்திரமாய்க் கரை சேர்ந்ததற்காக என்று யாராவது கொடுத்தால், பூசை தொடங்குவதற்கு முன் சாமியார் அதை மைக்கில் வாசிப்பார். வாசிப்பது கோயிலுக்குள்ளே. கேட்பது எங்கள் இனயம் ஊர் முழுக்க. கோபுரத்தில் நாலு பக்கமும் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருக்கிறார்கள்.

ஆன்றோ வழக்கம்போல ஆண்கள் பக்கத்தில் கடைசித் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். ஜாஸ்மியும் மகள் அபினாவும் பெண்கள் பக்கம் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் இரண்டு ஆத்துமாக்களையும் கடலில் இறங்கப்போகிற ஒரு புது வள்ளத்தையும் வாசித்து முடித்தார். பிறகு அதே குரலில் வாசித்தார்.

"நல்ல வேலை பெற்று அயர்லாந்து நாட்டுக்குச் செல்லவிருக்கும் ஜாஸ்மி, கணவர் ஆன்றோ, மகள் அபினா ஆகியோருக்காக நன்றியறிதல் திருப்பலி. ஒப்புக்கொடுப்பவர், செசிலி."

ஆன்றோ தூணை விட்டு நிமிர்ந்தான். ஜாஸ்மி முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் வரிசையில் செசிலி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருந்தாள்.

அந்தப் பூசையில் ஆன்றோ என்ன ஜெபித்தானோ, எனக்குத் தெரியாது.

அவனைப் பற்றிப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி மெக்கானிக். தோஹாவில் பதினோரு வருஷம் மொட்டை மாடிகளில் வெந்தவன். ஊருக்குத் திரும்பியபிறகும் பிழைப்பு அதேதான், மற்றவர் வீட்டைக் குளிர வைப்பது. சாயங்காலம் ஆனால் குளித்துவிட்டு, சாயா கிளாஸோடு முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, போனைத் திறந்து உலகத்து வானிலையை வாசிப்பான். இது அந்த வீட்டு வழக்கம்.

கனடாவை முதலில் எடுத்தான். மூக்கு உறைந்துபோகும் என்று கழித்துவிட்டான். ஆஸ்திரேலியாவில் வெயிலும் பாம்பும். நியூசிலாந்து நல்ல ஊர்தான், பூமி ஆடுகிறது. கடைசியில் அயர்லாந்தில் வந்து நின்றான். அதிலும் டப்ளின் வேண்டாம், வாடகை அதிகம். கார்க் போதும். சூடும் இல்லை, பெரிய குளிரும் இல்லை. பச்சைப் பசேல். பக்கத்தில் கடல். கொசு இல்லை. பஸ்ஸில் ஒருத்தன் ஒருத்தனை இடிக்க மாட்டான். ஒரே ஒரு குறை, மழை.

"இந்தப் புழுக்கத்துல கெடந்து சாவதுக்கு, அந்த மழையில நனையலாம் ஜாஸ்மி" என்பான். ஜாஸ்மி பயறு உரித்துக்கொண்டே கேட்பாள். "அங்க மீனு கெடைக்குமா?" என்று நடுவில் ஒரு கேள்வி போடுவாள். கிடைக்கும், ஆனால் ருசி இருக்காது என்று அவன் விளக்குவான். இரண்டு வருஷம் இப்படி.

அந்த இரண்டு வருஷமும் அவள் நாகர்கோவிலுக்கு டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, காதில் இங்கிலீஷ் பாடத்தை மாட்டிக்கொண்டு போனாள். பாட்டுக் கேட்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆன்றோவும்தான்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். வள்ளக்காரர் சூசை வந்து தோளில் தட்டினார்.

"ஏலே ஆன்றோ, இவ்வளவு பெரிய காரியத்த அமுக்கி வச்சிருந்தியா?"

"வேலை உறுதியாவாண்டாமா அண்ணே" என்றான் ஆன்றோ. எனக்கே தெரியாது என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஊருக்கு முன்னால் எந்தப் புருஷனால் முடியும்.

"குளிரு தாங்குவியா?"

"அங்க குளிருன்னு ஒண்ணும் பெருசா இல்ல அண்ணே. மழைதான். காத்தோட அடிக்கும், குடை நிக்காது. கோட்டு வேணும்."

பழக்கத்தில் வாய் அதுவாகச் சொல்லிக்கொண்டு போனது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். கள்ளச்சாட்சி சொல்கிறவன் மாதிரி அவனுக்கு உள்ளே கூசியது.

வீட்டுக்கு நடக்கும்போது அபினா நடுவில் வந்தாள். எட்டாவது படிக்கிறவள்.

"அப்பா, உள்ளதா? நம்ம போறோமா?"

"உனக்க அம்மைட்ட கேளு" என்றான்.

வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, அபினாவைச் சட்டை மாற்ற அனுப்பிவிட்டுத்தான் கேட்டான்.

"எவ்வளவு நாளா நடக்கு இது?"

"பரீட்சை எழுதி ஆறு மாசம். இண்டர்வியூ போன மாசம். உறுதியாயிட்டுன்னு வியாழக்கிழமைதான் மெசேஜ் வந்தது. இன்னைக்கி மத்தியானம் சொல்லலாம்னு இருந்தேன்."

"ஊருக்கே சொல்லியாச்சு. இனி மத்தியானம் எதுக்கு?"

"மைனி இப்பிடிச் செய்வாங்கன்னு எனக்குத் தெரியுமா?"

"அவ கெடக்கட்டும். நீ எங்கிட்ட ஏன் சொல்லல?"

ஜாஸ்மி முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள். "பெயிலாயிட்டா நீங்க சங்கடப்படுவீங்க. இவ்வளவு ஆசையா இருக்கீங்க. பாஸாயிட்டு சொல்லுவோம், சந்தோஷப்படுவீங்கன்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் இன்னும் அந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. கோபம் அடங்கியதும் சிரித்துவிடுவான் என்று நினைத்தாள். ஆன்றோ அதைப் பார்க்கவில்லை.

"அது சும்மா பேசுனதாக்கும் ஜாஸ்மி."

"எது?"

"அயர்லாந்து. சாயங்காலம் நேரம் போவாண்டாமா? உள்ளதா நெனச்சியா நீ?"

ஜாஸ்மி மடித்த துணியைக் கட்டிலில் போட்டாள்.

"ரெண்டு வருஷம் சும்மா பேசினீங்களா?"

"நானா பரீட்சை எழுதச் சொன்னேன்?"

"போவலாம் போவலாம்னு தெனமும் சொன்னது ஆரு?"

கோபம் முந்திக்கொண்டது. ஆன்றோவின் வாயிலிருந்து அடுத்த வார்த்தை விழுந்தது.

"உனக்குப் பொறத்தால பெட்டி தூக்கிட்டு வர எனக்க கையில ஆவாது."

அதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன அந்த நிமிஷமே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்படியொரு எண்ணம் தனக்குள் இருந்ததே அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. தோஹாவுக்கு அவன் போனபோதெல்லாம் ஜாஸ்மி பெட்டி கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒரு தடவைகூட முகம் கோணியதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா செசிலி வர வேண்டும். ஒரு கையில் நெய்மீன் துண்டு, மறு கையில் அபினாவுக்கு மிட்டாய்.

"மக்கா, சாமியார் எவ்வளவு தெளிவா வாசிச்சாரு பாத்தியா..." என்று தொடங்கியவள் இரண்டு முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "நான் மாதாகிட்ட மட்டுந்தானே பிள்ளே சொன்னேன்" என்று ஜாஸ்மியிடம் சின்னக் குரலில் சொன்னாள். ஜாஸ்மி மீனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஆன்றோ டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே இறங்கினான்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?" என்று அக்கா பின்னாலிருந்து கேட்டாள். அவன் பைக்கை எடுத்துவிட்டான்.

வேலை இருந்தது. இன்றைக்கே செய்ய வேண்டும் என்று இல்லை, அவ்வளவுதான். கருங்கல் ஊருக்குப் போகிற ரோட்டில் ஞானதாசன் என்பவரின் வீடு. குடும்பமே மெல்பர்னில் இருக்கிறது. இரண்டு மாடி, அறைக்கு ஒரு ஏசி, கிறிஸ்துமஸுக்கு வந்தால் வருவார்கள். ஓடாமல் கிடந்தால் ஏசி கெட்டுப்போகும் என்று சாவியை ஆன்றோவிடம் கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை போய் ஆளில்லாத அறைகளைக் குளிர வைத்துவிட்டு வருவது அவன் வேலை. நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடு என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா.

மேல் அறையில் ஏசியைப் போட்டான். பதினாறில் வைத்தான். உறை போட்ட கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கை மயிர் சிலிர்த்தது. கார்க் நகரத்தில் கோடைகாலம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று ஜாஸ்மிக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறான். மெஷின் சீராக இரைந்துகொண்டிருந்தது.

அந்த இரைச்சல்தான் அவனை அம்மாவிடம் கொண்டுபோனது.

அம்மா இறந்தபோது ஆன்றோ தோஹாவில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனி கையில். லீவு கொடுக்கிறோம், இதோ கொடுக்கிறோம் என்று இழுத்தார்கள். இங்கே மகன் வரட்டும் என்று அம்மாவைப் பிரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். இரண்டாம் நாள் செசிலி போன் செய்தாள். "பெட்டி ஒரு மாதிரி சத்தம் போடுது மக்கா, நின்னுருமோன்னு பயமா இருக்கு. நீ எப்ப வருவா?"

எப்போது வருவான் என்று அவனுக்குத் தெரியாது. பெட்டியைப் பற்றித் தெரியும். சுவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னான். பின்பக்கத்து வலையில் தூசு அடைத்திருக்கும், பிரஷால் தட்டச் சொன்னான். அழுதுகொண்டே அக்கா அதைச் செய்தாள். சத்தம் நின்றது. அம்மாவுக்கு அவன் செய்தது அது ஒன்றுதான். மறுநாள் அவன் இல்லாமலே அடக்கம் முடிந்தது.

திரும்பி வந்தபிறகு ஏர்போர்ட் பக்கம் போகவே அவனுக்குப் பிடிக்கவில்லை. மச்சானைக் கூட்டி வர ஒரு தடவை திருவனந்தபுரம் போனான். உள்ளே இருந்து வருகிற ஆட்களைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். தலைவலி என்று சொல்லிச் சமாளித்தான்.

ஆனாலும் புழுக்கம் புழுக்கம்தானே. ஆசை ஆசைதானே. அதனால் பேசினான். பேச்சில் போகிற ஊருக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். நாம் போயிருக்கும்போது இங்கே யாரும் சாக மாட்டார்கள். சாயா ஆறுவதற்குள் போய்விட்டு வந்துவிடலாம்.

இதில் ஒரு வார்த்தையை என்றைக்காவது ஒரு சாயங்காலம் ஜாஸ்மியிடம் சொல்லியிருக்கலாம். கொசு இல்லை என்று சொன்ன நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷத்தில் எவ்வளவு சாயங்காலம். நைட் டியூட்டி முடித்து வந்து, கண் எரிய எரிய அவள் படித்திருக்கிறாள். அவனுடைய சந்தோஷத்துக்கு என்று நினைத்துப் படித்திருக்கிறாள். அவளைப் பார்த்து, பெட்டி தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

குளிரில் உட்கார்ந்திருந்த ஆன்றோவுக்கு அழுகை வந்தது. யாரும் இல்லாத வீடு, அதனால் அடக்கவில்லை.

கீழ் அறை ஏசிகளைப் போடாமலே வீட்டைப் பூட்டினான். போய்விடலாம் என்று தீர்மானித்துவிட்டான். ஏர்போர்ட் வாசலில் பயம் வந்தால் வரட்டும், ஜாஸ்மியின் தோளைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். பைக்கில் வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் அபினா ஒரு தடித்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்த்து, கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கட்டிலில் இன்னும் இரண்டு கோட்டு கிடந்தது. ஒன்று ஜாஸ்மிக்கு. மற்றது ஆன்றோவின் அளவு. வேலை உறுதி என்று தெரிந்த அன்றைக்கே நாகர்கோவிலில் வாங்கி, சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள் ஜாஸ்மி. குடை நிக்காது, கோட்டுதான் வேணும் என்று சொன்னது யார்.

ஆன்றோ பையைக் கீழே வைத்தான்.

"நானும் வாறேன் ஜாஸ்மி."

அவள் தன் கோட்டை மடித்துக்கொண்டிருந்தாள். "எங்க?"

"அயர்லாந்துக்கு. இன்னைக்கி காலத்த சொன்னது கோவத்துல சொன்னது. மன்னிச்சிரு."

"பெட்டி தூக்க மாட்டேன்னது கோவம். அது போவட்டும். சும்மா பேசினேன்னு சொன்னீங்கல்லா, அது கோவமில்ல. அது உள்ளது."

பிறகுதான் அவன் பிரீசர் பெட்டியின் சத்தத்தைச் சொன்னான். ஏர்போர்ட்டைச் சொன்னான். தலைவலி பொய்யைச் சொன்னான். ஜாஸ்மி குறுக்கே பேசாமல் கேட்டாள். அபினா கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்று கேட்டாள்.

"இத முன்னமே சொல்லியிருந்தா நான் அந்தப் பொஸ்தகத்தத் தொட்டிருக்க மாட்டேன்" என்றாள் ஜாஸ்மி. "மைனிக்குப் பக்கத்துல இருக்கணும்னு சொல்லியிருந்தா போதும். சரின்னு இருந்திருப்பேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. நம்ம போவோம்."

"கேளுங்க. மொதல்ல உங்களுக்குன்னுதான் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்குன்னு ஆயிப்போச்சு. அந்த இண்டர்வியூல அவங்க எங்கிட்ட, உனக்க வார்டுல நீ என்ன மாத்துவான்னு கேட்டாங்க. இத்தன வருஷத்துல ஒருத்தரும் அப்பிடி எங்கிட்ட கேட்டதில்ல. எனக்குப் போவணும்."

"அதான் வாறேன்னு சொல்லுதேன்லா."

"நீங்க வரண்டாம்."

ஆன்றோ அவளைப் பார்த்தான்.

"எனக்காவ வந்தீங்கன்னா, அங்கயும் சாயங்காலம் ஒரு நாற்காலியப் போட்டு இருப்பீங்க. இருந்துட்டு இனயத்தப் பத்திப் பேசத் தொடங்குவீங்க. இஞ்ச வெயிலு எப்பிடி, காத்து எப்பிடி, மீனு எப்பிடின்னு. அக்காவப் பத்தி. டியூட்டி முடிஞ்சு வந்து இன்னொரு தடவ அதக் கேட்டுட்டு இருக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் திட்டவில்லை. நன்றாகத் தெரிந்த ஒருவனைப் பற்றி நன்றாகத் தெரிந்ததைச் சொன்னாள். அதனால்தான் அவனால் மறுக்க முடியவில்லை. அவனே ஒரு கணம் அந்த நாற்காலியையும் அதில் இருக்கிற தன்னையும் பார்த்துவிட்டான்.

"நாளைக்கி காலத்த கொச்சி ஏஜென்சியில இருந்து போன் வரும்" என்றாள் ஜாஸ்மி. "ஒரு ஆளா மூணு ஆளான்னு கேப்பாங்க."

"என்ன சொல்லுவா?"

"தெரியல."

அபினா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ரெண்டு ஆளுன்னு சொன்னா, அப்பாவ விட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்? ஒண்ணுன்னு சொன்னா அம்மை இல்லாம நான் எப்பிடி இருப்பேன்?"

இரண்டு பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள். காலையிலிருந்து இவ்வளவு பேச்சு நடந்தும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே கோயில் மணி அடித்தது. சாயங்காலம் ஆறு மணி, மூவேளை ஜெபம். செசிலி தன் வீட்டு வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் வரப் பயந்து அங்கேயே நின்றாள்.

ஆன்றோ முற்றத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். ஜாஸ்மி பழக்கம் மாறாமல் சாயா கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்றைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அவன் கை தானாகப் போனைத் திறந்தது. கார்க், ஒன்பது டிகிரி, பலத்த காற்று, இரவு முழுக்க மழை. வழக்கமாக இதைச் சத்தமாக வாசிப்பான். இன்று வாசிக்கவில்லை.

இரண்டு வருஷமாக அந்த மழையை மனதுக்குள் பார்த்துவருகிறான். இன்றுவரை அது ஆள் இல்லாத ரோட்டில்தான் பெய்திருக்கிறது. இன்றைக்கு அந்த ரோட்டில், மழைக்கோட்டோடு ஜாஸ்மி நின்றாள். நைட் டியூட்டிக்குப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, தனியாக.